கடல் மைல்: வானத்தில் பறப்பதற்கு எதற்குக் கடல்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 15,349, இன்னோரிடத்தில் 9,537, வேறோரிடத்தில் 8,288 என்று வருகிறது. அக்கா மகள் காப்பிக் கடையில் கைப்பேசியை நீட்டி, "எது மாமா சரி?" என்றாள். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது சாதாரண மைல், கடைசியில் இருப்பது நாட்டிகல் மைல், அதாவது கடல் மைல்.

"விமானம் வானத்துல போகுது, அதுக்கு எதுக்குக் கடல்?"

கிரேக்கத்தில் நௌஸ் என்றால் கப்பல். நாட்டிகல் அதிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. வடமொழி நௌவும் அதே குடும்பம்தான். நம் நாவாயும் காதுக்கு அப்படியே ஒலிக்கிறது, ஆனால் யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை. மைல் என்பது லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் மில்லேயிலிருந்து வந்தது. ரோமானியர்களின் ஆயிரம் இரட்டைக் காலடி. நம்மூரில் அதற்குக் கல் என்றே பெயர், "ரெண்டு கல் நடக்கணும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

சாலையோரம் கல் நடலாம், கடலில் எங்கே நடுவது? அதனால் மாலுமிகள் பூமியின் வளைவையே அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாகையை, அதாவது டிகிரியை, 60 ஆகப் பிரித்தால் ஒரு கலை. பாகை, கலை, விகலை எல்லாம் ஜாதகம் கணிப்பவர்களுக்குப் பழகிய சொற்கள்தான். வடக்கு தெற்காக ஒரு கலை தூரம் போனால் அது ஒரு கடல் மைல். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் இது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், ஆகவே 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாட்டில் 1,852 மீட்டர் என்று முடிவு செய்தார்கள். சாங்கி விமான நிலையம் இருப்பது வடக்கே 1 பாகை 21 கலையில். அப்படியானால் நிலநடுக்கோடு அங்கிருந்து 60-உம் 21-உம் சேர்த்து 81 கடல் மைல். வரைபடமே கணக்கைச் சொல்லிவிடுகிறது, விமானிகளும் இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான்.

வேகத்துக்கு நாட் என்பார்கள், மணிக்கு ஒரு கடல் மைல். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கப்பலின் பின்னால் ஓடவிட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறது என்று எண்ணிய காலத்துப் பெயர். அதற்காக "490 முடிச்சு வேகம்" என்று எழுதினால் சிரிப்பார்கள். மணிக்கு 490 கடல் மைல் என்றே எழுதலாம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் போகும். 8,288-ஐ அதால் வகுத்தால் 17 மணி நேரம் வரும், டிக்கெட்டிலோ 18-க்கு மேல் போட்டிருக்கும். ஓடுதளம் வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது, காற்றுக்கு ஏற்றபடி வளைந்து போவது எல்லாம் அதில் சேர்த்தி.

கடல் என்ற சொல் வானத்துக்குப் பொருந்தவில்லை என்று வான்மைல் என்றெல்லாம் புதிதாக உண்டாக்க வேண்டாம், அளவு ஒன்றுதானே. ஆனால் செய்திகளில் வரும் "12 நாட்டிகல் கடல் மைல்" இருக்கிறதே, அது கேட்டு வாசல், நடு சென்டர் வகை.