தெரபி: சொல்லும் அதன் தமிழும்

பிசியோதெரபி, கீமோதெரபி என முன்னொட்டோடு வரும்போது 'தெரபி' என்பது சிகிச்சை முறை எதையும் குறிக்கும் பொதுச்சொல்லாக நிற்கிறது. 'அவர் தெரபிக்குப் போகிறார்' என்று தனித்து வழங்கும்போதோ அது பெரும்பாலும் சைக்கோதெரபியையே சுட்டுகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் உளவியல் முறைகளைக் கொண்டு, பெரும்பாலும் உரையாடல் வழியாக, இன்னொருவரின் எண்ணத்திலும் உணர்ச்சியிலும் நடத்தையிலும் உள்ள இடர்களைக் குறைப்பதற்காக, அவரோடு குறித்த இடைவெளியில் தொடர்ந்து அமர்ந்து செய்யும் ஒழுங்கான பணி என்று அதை வரையறுக்கலாம். இதற்கு ஈடான தமிழ்ச்சொல் உளச்சிகிச்சை.

'தெரபி'யின் மூலச்சொல் கிரேக்க மொழியின் 'தெராபேயா'. பணிவிடை, பேணுதல் ஆகியவை அதன் பழைய பொருள்கள். நோய் தீர்த்தல் என்னும் பொருள் அவற்றிலிருந்து கிளைத்தது. இதே வேரில் பிறந்த 'தெராபோன்' என்பது உடனிருந்து உதவுபவனைக் குறிக்கும். ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீசுக்குத் தோழனும் உதவியாளனுமாகிய பட்ரோக்ளஸ் இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறான். ஆக, குணமாக்குதலைக் காட்டிலும் அருகிருத்தலே சொல்லின் அடியில் முதலில் இருந்தது. மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும் 950ஆம் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' என்று நான்காவதாக ஒருவனைச் சேர்க்கிறது. உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்தில் இருந்து உதவுபவன். கிரேக்கத் தெராபோனுக்கு இவ்வளவு நெருங்கிய தமிழ்ச்சொல் வேறு கிடைப்பது அரிது. ஆனால் இன்றைய வழக்கில் உயிரோடு இல்லாத அச்சொல்லை மீட்டுப் புழங்கவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

சைக்கோதெரபியில் உள்ள 'சைக்கி' என்னும் முன்பகுதிக்கு முதற்பொருள் மூச்சு. அதிலிருந்து உயிர், ஆன்மா, உள்ளம் எனப் பொருள் விரிந்தது. தமிழிலும் உயிர்த்தல் என்பது மூச்சுவிடுதலையே குறிக்கும் என்பதால், வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் சைக்கி என்பது உயிராகும். இரு பகுதிகளும் இணைந்து மருத்துவக் கலைச்சொல்லானது 19ஆம் நூற்றாண்டில். 1872இல் வெளியான தம் நூலில் ஆங்கிலேய மருத்துவர் டேனியல் ஹேக் டியூக் இச்சொல்லின் ஒரு வடிவத்தை ஆண்டபோது, உள்ளத்தின் ஆற்றலைக் கொண்டு உடல்நோயைத் தணிப்பதே அவர் கருத்தில் முதன்மையாக இருந்தது. அதாவது, உள்ளத்துக்கான சிகிச்சை என்பதைவிட உள்ளத்தின் வழியான சிகிச்சை என்பதே தொடக்கப் பொருள். உரையாடலே மருந்தாகும் என்னும் கருத்தை 1895இல் வியன்னா மருத்துவர்களான பிராய்டும் பிராயரும் வெளியிட்ட ஆய்வுநூல் பரப்பியது. அதில் 'அன்னா ஓ' என்னும் புனைபெயரில் வரும் பெண் தான் பெற்ற சிகிச்சையைப் 'பேச்சுச் சிகிச்சை' என்றும், வேடிக்கையாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் குறிப்பிட்டார். துறையின் நிலைத்த பெயர்களுள் ஒன்றை மருத்துவர் சூட்டவில்லை, சிகிச்சை பெற்றவரே சூட்டினார் என்பது கவனிக்கத்தக்கது.

இனித் தமிழ்ப் பகுதிக்கு வரலாம். உள் என்னும் அடியிலிருந்து உளம், உள்ளம் ஆகியவை பிறந்தன. உள்ளுதல் என்றால் நினைத்தல். மனம் என்பது வடமொழி 'மனஸ்' என்பதோடு தொடர்புடையது. கலைச்சொல்லாக்கத்தில் உளவியல், உளமருத்துவம் என உளம் நிலைத்துவிட, பொதுவழக்கில் மனநலம், மன அழுத்தம் என மனமே முன்னிற்கிறது, இரண்டும் பிழையற்றவை. சிகிச்சை என்பது வடமொழிச் சொல். கருதுதல், அறிதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்த அதற்குக் கவனித்து அறிய விரும்புதல் என்னும் உட்பொருள் உண்டு. தூய தமிழ் வேண்டுவோர் உளமருத்துவம் என்று சொல்ல விரும்பலாம். ஆனால் அச்சொல் மருந்து எழுதித் தரும் சைக்கியாட்ரி என்னும் மருத்துவப் பிரிவுக்கு உரியதாகிவிட்டதால், இரண்டுக்கும் அதையே வழங்கினால் எங்கே போவது என்று தேடுபவருக்குக் குழப்பமே மிஞ்சும். தனித்தமிழைவிடத் தெளிவு முக்கியம் என்ற அளவில் உளச்சிகிச்சை என்பதே எனக்கு ஏற்புடையது.

கவுன்சலிங் என்பதற்கு வழங்கும் ஆற்றுப்படுத்துதல் தனியே விளக்கத்தக்கது. ஆற்றுதல் என்பதற்குத் தணித்தல் என்னும் பொருள் இருப்பதால், துயரத்தைத் தணிப்பதே ஆற்றுப்படுத்துதல் என்று பலர் கொள்கின்றனர். சொல்லின் மூலமோ ஆறு, அதாவது வழி. பரிசு பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது பழந்தமிழின் ஆற்றுப்படை. நடக்க வேண்டியவன் கேட்பவனே என்பதால், ஒருவர் தம் முடிவைத் தாமே எடுக்கத் துணைசெய்யும் பணிக்கு இது மிகப் பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் உளவளத்துணை என்பதும் அழகிய ஆக்கம். 'ஆலோசனை' மட்டும் சற்று இடறுகிறது. அறிவுரை கேட்கப் போகிறோம் என்னும் எதிர்பார்ப்பை அது உண்டாக்குகிறது, பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரோ அறிவுரை சொல்வதைக் கூடியவரை தவிர்ப்பார்.

மனநலம் என்னும் சொல்லுக்கும் ஒரு பழைய வாழ்வு உண்டு. 'மனநலம் மன்னுயிர்க் காக்கம்' என்னும் குறளில் அது மனத்தின் நன்மையை, அதாவது ஒழுக்கத்தை, குறிக்கிறது. இன்றைய பொருள் வேறு: வாழ்வின் இயல்பான நெருக்கடிகளைச் சமாளிக்கவும், பயனுற உழைக்கவும், தன்னைச் சூழ்ந்தோர்க்குப் பங்களிக்கவும் இயலும் நிலையையே உலக நலவாழ்வு நிறுவனம் அச்சொல்லால் கருதுகிறது. 1948இல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனம், நலம் என்பது நோயின்மை மட்டுமன்று என்றும் கூறியது. சொல் நலவாழ்வுத் துறைக்குப் பெயர்ந்துவிட்டாலும், மனநலக் குறைவைக் குணக்கேடாகவோ மனவுறுதிக் குறைவாகவோ எண்ணும் பழக்கம் இன்னும் பெயரவில்லை. இழிசொல்லாக வழங்கும் 'பைத்தியம்' கூடப் பித்தத்தோடு தொடர்புடைய சொல்தான். பித்தம் மிகுந்ததால் வந்த நோய் என்று கருதியவர்கள் குறைந்தது நோயாளியின் குணத்தைக் குறை சொல்லவில்லை.

உளச்சிகிச்சையை நாடலாமா என்று தயங்குபவர் 'நான் நோயாளியா' என்னும் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் உண்டு. துயரமோ பதற்றமோ ஆர்வமின்மையோ எவ்வளவு காலமாக நீடிக்கிறது, உறக்கம், பசி, வேலை, உறவு ஆகியவற்றில் எதைக் குலைத்திருக்கிறது, முன்பு கைகொடுத்த வழிகள் இப்போதும் கைகொடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாளின் பெரும்பகுதியில், ஏறத்தாழ எல்லா நாளும், குறைந்தது இரண்டு வாரம் சோர்வு நீடிப்பது மனச்சோர்வு நோயைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்று. எனினும் அந்த எல்லையைத் தொட்டபின்தான் போக வேண்டும் என்ற விதி கிடையாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால் தெரபிக்கு நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. உடனே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவசர மருத்துவ உதவியையோ நெருக்கடி உதவி எண்ணையோ நாட வேண்டும்.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கும்: என்ன இடர், எப்போது தொடங்கியது, முன்பு ஏதேனும் சிகிச்சை உண்டா, எது மாறினால் நலம் என்று கருதுகிறீர்கள் என்பன போன்றவை. அமர்வு வழக்கமாக 45 முதல் 60 நிமிடம் வரை நீளும். பேசப்படுவது மறைவாகக் காக்கப்படும் என்பதையும், உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் எவை என்பதையும் சிகிச்சையாளர் தொடக்கத்திலேயே விளக்க வேண்டும், விளக்காவிட்டால் கேட்கலாம். 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த, இடர்தரும் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவை சில மாத எல்லைக்குள் குறித்த இலக்கோடு நடப்பவை; சில முறைகள் ஆண்டுக்கணக்கில் நீளும். எந்த முறையானாலும் இருவருக்கும் இடையே அமையும் நம்பிக்கை விளைவைப் பெரிதும் பாதிப்பதால், சில அமர்வுகளுக்குப் பின்னும் ஒருவர் பொருந்தாவிட்டால் இன்னொருவரிடம் மாறுவதில் தவறில்லை. மருந்தும் தேவைப்படும் நிலையில் உளமருத்துவரும் உளச்சிகிச்சையாளரும் ஒருவருக்கே இணைந்து உதவுவதும் உண்டு.

சிகிச்சை பெறுபவரை எப்படி அழைப்பது என்பது எஞ்சுகிறது. 1942இல் தம் நூலில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் நோயாளி என்பதை விடுத்துக் 'கிளையண்ட்' என்னும் சொல்லைப் பரவலாக்கினார். ஆனால் அதன் இலத்தீன் மூலம், பழைய ரோமில் ஒரு புரவலரைச் சார்ந்து வாழ்ந்தவரையே குறித்தது. வாடிக்கையாளர் என்று தமிழாக்கினால் கடை வாசனை வருகிறது. உளவளத்துணை என்பதோடு சேர்ந்து வழங்கும் 'துணைநாடி' இவற்றினும் மேலானது. நாடுதல் அவருடைய செயலாக அதில் இருக்கிறது. மருத்துவமனைச் சூழலில் 'சிகிச்சை பெறுபவர்' என்று நேராக எழுதினாலும் போதும்.