ஜெர்மன்காரர் காபி வேண்டுமா என்று கேட்டால் ‘டாங்கெ’ என்று சொல்லாதீர்கள்

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. என்னிடம் ஜெர்மன் படித்துவிட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெர்மனிக்குச் செவிலியராகப் போன பெண். எடுத்ததும் அழுகை. “மிஸ், இங்க என்னை யாருக்குமே பிடிக்கல.”

விசாரித்தேன். அவள் வார்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவர்களே கேக் கொண்டு வருவார்கள். அங்கே அதுதான் வழக்கம். கேக்கை வைத்துக்கொண்டு இவளிடமும் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு, கொடுக்காமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இப்படி மூன்று பிறந்தநாள்.

“அவங்க கேட்டப்போ நீ என்னம்மா சொன்ன?”

“சிரிச்சுக்கிட்டே டாங்கென்னு சொன்னேன் மிஸ்.”

இந்த வருடம் இதே கதையைக் கேட்பது எனக்கு ஐந்தாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனில் ஒருவர் ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது, வெறும் ‘டாங்கெ’ என்று பதில் சொன்னால் ‘வேண்டாம்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘நைன், டாங்கெ’ (வேண்டாம், நன்றி) என்பதில் ‘நைன்’ விழுங்கப்பட்டு மிச்சம் நிற்கும் சொல் அது. நீங்கள் எவ்வளவு இனிமையாகச் சிரித்தாலும் மரியாதையாக மறுத்ததாகத்தான் அவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு நாம் தலையை வேறு பக்கவாட்டில் ஆட்டுகிறோம். நமக்கு அது ‘சரி’. அவர்கள் கண்ணுக்கு அது பாதி ‘இல்லை’.

“டாங்கென்னா நன்றிதானே மிஸ்? நன்றி சொன்னா வாங்கிக்கிறதாத்தானே அர்த்தம்?” என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவராவது என்னோடு வாதாடுகிறார். அகராதியில் நன்றிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் ஒருவர் “இன்னும் ரெண்டு இட்லி?” என்று கேட்கும்போது “இருக்கட்டும்” என்கிறோமே, அந்தச் சொல்லில் ‘வேண்டாம்’ எங்கே இருக்கிறது? விடைபெறும்போது “வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தானே போகிறோம்? சொல்லுக்கு அகராதி ஒரு பொருள் தரும், கேள்விக்குப் பதிலாக வரும்போது வேறு பொருள் வந்துவிடும். ஜெர்மன்காரரின் ‘டாங்கெ’யை “இருக்கட்டுங்க” என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு குழப்பமே வராது.

வேண்டும் என்றால் ‘யா, கெர்னெ’ அல்லது ‘யா, பிட்டெ’. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்ல விரும்பினால் ‘டா ஸாகெ இஷ் நிஷ்ட் நைன்’, அதாவது ‘இதை யாராவது வேண்டாம் என்பார்களா’ என்கிற மாதிரி. புதிதாகப் பழகியவர் வீட்டில், கூச்சமாக இருந்தால், ‘கெர்னெ, வென் எஸ் கைனெ உம்ஷ்டெண்டெ மாக்ட்’, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் சரி. காபிக் கோப்பை கைக்கு வந்த பிறகு தாராளமாக ‘டாங்கெ’ சொல்லுங்கள். அப்போது அது வெறும் நன்றிதான். ஆனால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் ‘போதும்’ என்று நிறுத்திவிடுவார்கள்.

ஹோட்டலிலும் கவனம். 14 யூரோ பில்லுக்கு 20 யூரோ தாளை நீட்டியபடி ‘டாங்கெ’ என்றால், மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னதாகப் பரிமாறுபவர் எடுத்துக்கொள்ளக்கூடும். என் மாணவர் ஒருவருக்கு 6 யூரோ அப்படிப் போனது. அந்தப் பையனுக்கு அது அன்றைய சாப்பாட்டுக் காசு.

கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் தேர்வின் பேச்சுப் பிரிவில் மூன்றாவது பகுதியே ஒருவரிடம் ஏதாவது வேண்டிக் கேட்பதும் அதற்குப் பதில் சொல்வதும்தான். அங்கே எல்லோரும் ‘யா, கெர்னெ’ என்று அழகாகச் சொல்கிறார்கள். விமானம் ஏறியதும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வதுதான் பண்பு. மூன்றாவது தடவை வற்புறுத்திய பிறகு வாங்கிக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் ஒரே தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றவரைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களுக்கு நச்சரிப்பு. ஆகவே உபசரிக்கத் தெரியாதவர்கள், கல்நெஞ்சக்காரர்கள் என்றெல்லாம் தயவுசெய்து பேசாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்த சொல்லை மதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூத்த சக ஊழியர் ஒருநாள் ‘வொலென் வியர் உன்ஸ் டூட்ஸென்?’ என்று கேட்பார். இனி ‘ஸீ’ (நீங்கள்) வேண்டாம், ‘டூ’ (நீ) என்றே பேசிக்கொள்ளலாமா என்று அர்த்தம். ‘கெர்னெ’ என்று சொல்லி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் ‘ஸீ’ போட்டால், நீட்டிய கையைத் தட்டிவிட்டது போல அவருக்கு வலிக்கும்.

வீட்டுக்கு அழைத்தால்? ‘ஃபீலென் டாங்க் ஃப்யூர் டி ஐன்லாடுங், இஷ் கொம்மெ கெர்னெ.’ அழைப்புக்கு நன்றி, மகிழ்ச்சியோடு வருகிறேன். இரண்டாவது பாதிதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? “பார்க்கலாம்”, “முயற்சி பண்றேன்” என்பதை ஜெர்மனில் சொல்லாதீர்கள். அவர்கள் ஆள் எண்ணித் தட்டு வைப்பார்கள், ஆள் எண்ணிச் சமைப்பார்கள். அதே காரணத்துக்காக, கேட்காமல் அறைத்தோழியையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டீர்கள், இறைச்சியே தொடமாட்டீர்கள் என்றால் ஒத்துக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னால் அழைத்தவருக்குத்தான் சங்கடம். ‘கான் இஷ் எட்வாஸ் மிட்பிரிங்கென்?’, ஏதாவது கொண்டு வரட்டுமா, என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேரம் சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். ‘ஹால்ப் ஆக்ட்’ என்றால் ஏழரை. எட்டரை இல்லை! எட்டை நோக்கிப் பாதி போயாயிற்று என்று கணக்கு. என் மாணவி ஒருத்தி எட்டரைக்குப் போய் நின்றாள். அந்த வீட்டில் ஒரு மணி நேரமாகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. அவள்தான் இன்றைக்கும் அதை நினைத்துக் குன்றிப்போகிறாள்.

வயிறு நிறைந்துவிட்டால் ‘டாங்கெ, இஷ் பின் ஸட்’. ‘இஷ் பின் ஃபோல்’ வேண்டாம், குடித்திருக்கிறேன் என்று அர்த்தமாகிவிடும்.

அழுத பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் அவளுக்கே பிறந்தநாள். ஆப்பிள் கேக் செய்து வார்டுக்குக் கொண்டு போகப்போகிறாளாம். “யாராவது டாங்கென்னு சொன்னா நான் என்ன மிஸ் பண்றது?” என்று கேட்டாள்.

தட்டில் வைக்காதேம்மா, சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போ என்றேன்.