கடன் வாங்குனது இந்த உடம்பு இல்ல, அண்ணே!

சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே கூடுகிறவர்கள் பேசாத விஷயம் கிடையாது. சூரியன் திடீரென்று அணைந்தால் நமக்கு எப்போது தெரியும், கோழி முந்தியா முட்டை முந்தியா, உளுந்த வடைக்கு எதுக்கு ஓட்டை என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. போன மாதம் கிளம்பிய பஞ்சாயத்தில் பணமும் சேர்ந்துகொண்டது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் பத்து வருஷத்துக்கு முன்னால் கொடுத்த கைமாத்தைக் கேட்டார்.

"அண்ணே, மனுசன் உடம்புல இருக்குற செல் எல்லாம் ஏழு வருசத்துக்கு ஒருக்கா மொத்தமா மாறிடுதாம். உங்ககிட்ட வாங்குனவன் போயிட்டான். இங்க நிக்கிறவன் வேற ஆளு."

அண்ணன் டீயை ஒரு ஆற்று ஆற்றினார். "சரிப்பா. அப்ப உனக்கு ஆன கல்யாணமும் ஏழு வருசத்தோட ரத்து. இத அப்படியே வீட்டுல போய்ச் சொல்லிட்டு வா, நான் காச விட்டுடறேன்."

கடையே சிரித்தது. காசு மட்டும் வரவில்லை.

இந்தச் சாக்கு புதுசு இல்லை. சுமார் 2,500 வருஷத்துக்கு முன்னால், சிசிலித் தீவில் நாடகம் போட்ட எபிகார்மஸ் என்ற கிரேக்கர் இதை வைத்து ஒரு வேடிக்கைக் கதையே கட்டியிருக்கிறார். கடன் வாங்கியவன் "அது நான் இல்லை" என்கிறான். கொடுத்தவன் நாலு சாத்து சாத்திவிட்டு, "அடித்தவனும் நான் இல்லை" என்கிறான். ஒரே ஆற்றில் இரண்டு தடவை இறங்க முடியாது என்று ஹெராக்லிடஸ் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் வைகைக் கரையில் பிறந்திருந்தால், முதல் தடவை இறங்குவதற்கே அணை எப்போது திறப்பார்கள் என்று கேட்டிருப்பார்.

தத்துவம் இருக்கட்டும். தம்பி சொன்னதில் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது: ஏழு வருஷத்தில் எல்லா செல்லும் மாறுகிறதா? பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு செல்லின் வயது தெரிய வேண்டும். எலி என்றால் அடையாளம் போட்ட தீனியைக் கொடுத்துவிட்டு, அந்த அடையாளம் எவ்வளவு நாள் தங்குகிறது என்று பார்க்கலாம். மனுஷனுக்கு அப்படிக் கதிரியக்கம் கலந்த சோறு போட எந்த மருத்துவமனையும் சம்மதிக்காது. ஆனால் ஒரு காலத்தில் உலகத்தில் இருந்த எல்லோருக்கும், யாரும் கேட்காமலேயே, அந்தச் சோறு போடப்பட்டது. அதற்கு வருவதற்கு முன்னால் கீழடிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர் போல. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிமச் சான்று ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போனது. அதன் காலம் கி.மு. 580 என்று முடிவு வந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இந்தத் தேதியைச் சொன்னது கார்பன்-14 என்ற அணு.

வானத்தின் மேலடுக்கில் காஸ்மிக் கதிர்கள் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை நைட்ரஜன் அணுவில் பட்டால் அது கார்பன்-14 ஆகிறது. காற்றில் இருக்கும் கார்பனில் லட்சம் கோடிக்கு ஒன்றுதான் இப்படிப்பட்டது. செடி அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து இழுக்கிறது, செடியை ஆடு தின்கிறது, ஆட்டை நாம் தின்கிறோம். உயிரோடு இருக்கும்வரை வரவு இருந்துகொண்டே இருக்கும். செத்தால் வரவு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் சிதைந்துகொண்டே போகும். பாதியாகக் குறைய 5,730 வருஷம். கீழடிச் சான்று அளவு வயசான பொருளில் இன்னும் நாலில் மூணு பங்கு கிட்டத்தட்ட மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை அளந்தால் தேதி வந்துவிடும்.

ஆனால் இந்த வழி டீக்கடைக் கேள்விக்கு உதவாது. 70 வருஷத்தில் கார்பன்-14 குறைவது ஒரு சதவீதம்கூட இல்லை. 1990இல் பிறந்த செல்லையும் 1997இல் பிறந்த செல்லையும் இப்படிப் பிரித்துச் சொல்லவே முடியாது.

அங்கேதான் அணுகுண்டு வருகிறது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் குண்டு மேல் குண்டாக வெடித்துப் பார்த்தன. 1961 அக்டோபர் 30 அன்று ஆர்க்டிக் கடலில் நோவயா செம்ல்யா தீவுக்கு மேலே சோவியத் ஒன்றியம் வெடித்த ஒரே குண்டின் சக்தி சுமார் 50 மெகாடன். குண்டிலிருந்து பாய்ந்த நியூட்ரான்களும் காஸ்மிக் கதிர் செய்கிற அதே வேலையைத்தான் செய்தன: நைட்ரஜன் கார்பன்-14 ஆனது. பத்தே வருஷத்துக்குள் வளிமண்டலத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 1963இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் வெளியில் வெடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு கடலும் காடும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச, அளவு வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது.

எங்கோ வடதுருவத்துப் பக்கம் வெடித்ததற்கும் நமக்கும் என்ன என்று நினைக்கத் தோன்றும். காற்று இரண்டொரு வருஷத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். சோழவந்தான் நெல்லும் வெற்றிலையும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தன. 1965இல் மதுரையில் சுக்கா வறுவல் சாப்பிட்ட அத்தனை பேர் உடம்பிலும் பனிப்போரின் கார்பன் போய் உட்கார்ந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. லட்சம் கோடிக்கு ஒன்று என்பது லட்சம் கோடிக்கு இரண்டு ஆனது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தனி அளவு என்று ஆகிவிட்டதே, அதுதான் விஞ்ஞானிகளுக்கு அடித்த யோகம். குண்டு போட்டவர்கள் யாரும் இதை நினைத்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரீசன், கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் 2005இல் இதைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லில் இருக்கும் புரதம், கொழுப்பு எல்லாம் ஓயாமல் மாறுகிற சரக்கு. அவற்றின் கார்பனை அளந்து பிரயோஜனம் இல்லை. டிஎன்ஏ அப்படி இல்லை. செல் பிரிந்து புது செல் பிறக்கும்போது டிஎன்ஏ நகலாகிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டில் வந்த கார்பன் அதில் ஏறுகிறது. அதற்குப் பிறகு செல் மறுபடி பிரியாதவரை, சின்னச் சின்ன ரிப்பேரைத் தவிர, டிஎன்ஏ அப்படியே இருக்கும். ஆக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதன் பிறந்த வருஷத்துக் காற்று பத்திரமாக இருக்கிறது.

இதயத்தில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். இறந்தவர்களின் இதயத்திலிருந்து திசு எடுத்தார்கள். இதயத்தில் தசைச் செல் மட்டும் இல்லை, ரத்தக் குழாய்ச் செல், இணைப்புத் திசுச் செல் எல்லாம் கலந்து கிடக்கும். அதனால் உட்கருக்களைத் தனியாகப் பிரித்து, தசைச் செல்லின் உட்கருவுக்கு மட்டும் உரிய அடையாளம் உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றின் டிஎன்ஏவை எரித்துக் கிராஃபைட் ஆக்கி, அணுக்களை ஒன்றொன்றாக எண்ணும் துகள்முடுக்கிக் கருவியில் வைத்தார்கள். குண்டு வெடிப்பதற்கு முன்னால் பிறந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது இருந்த இதயச் செல்லே கடைசிவரை என்றால், அந்த டிஎன்ஏவில் பழைய, குறைந்த அளவு கார்பன்-14தான் இருக்க வேண்டும். ஆனால் கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் சில செல்கள் குண்டுக்குப் பிறகு பிறந்தவை. 2009இல் வெளியான கணக்கு: 25 வயதில் இதயத் தசைச் செல்லில் வருஷத்துக்கு 1 சதவீதம் புதிதாகிறது, 75 வயதில் 0.45 சதவீதம். ஆயுள் முழுக்கக் கூட்டினாலும் பாதியைத் தாண்டாது.

மூளையின் பெருமூளைப் புறணியில் நரம்புச் செல்கள் இன்னும் பிடிவாதம். அவற்றின் டிஎன்ஏவில் ஆள் பிறந்த காலத்துக் கார்பனே இருந்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் மட்டும் பெரியவர்களுக்கும் புது நரம்புச் செல் பிறக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

பல் எனாமலும் மாறாது. சின்ன வயதில் பல் உருவாகும்போது ஏறிய கார்பன் கடைசிவரை அதிலேயே. அதனால் அடையாளம் தெரியாத சடலத்தின் பல்லை வைத்துப் பிறந்த வருஷத்தைச் சராசரியாக ஒன்றரை வருஷம் முன்னே பின்னே சொல்லிவிட முடிகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறி இறங்கும் கோட்டில் ஒரே அளவு இரண்டு இடத்தில் வரும், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு வயதில் உருவான இரண்டு பற்களை எடுப்பார்கள். பின்னால் உருவான பல்லில் கார்பன்-14 கூடியிருந்தால் ஏறுமுகம், குறைந்திருந்தால் இறங்குமுகம். எனக்கு இந்த ஆராய்ச்சியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மற்றவை சீக்கிரம் மாறும் சரக்கு. குடலின் உள்வரிச் செல்லுக்கு நாலைந்து நாள், மேல்தோலுக்கு ஒரு மாதம் போல, சிவப்பணுவுக்கு 120 நாள். எலும்புக்கூடு புதுப்பிக்கப்படப் பத்து வருஷம் ஆகும். கொழுப்புச் செல் வருஷத்துக்குப் பத்தில் ஒன்று மாறுகிறது, ஆனால் செத்த அளவுக்குப் புதுசு பிறந்துவிடுவதால் எண்ணிக்கை குறைவதே இல்லை. ராத்திரி பரோட்டாவை நிறுத்தினால் அவை சுருங்கும், ஒழியாது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மாறுகின்றன என்று இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2021இல் கணக்குப் போட்டார்கள். பெரும்பாலும் ரத்தச் செல்கள்.

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுதைச் சிற்பமும், எல்லாவற்றுக்கும் மேல் வர்ணம். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணம் புதுசு, கை உடைந்த சிற்பத்துக்குச் சுதை புதுசு, கல் மட்டும் அதே கல். உடம்பும் இப்படித்தான் அடுக்கடுக்காக வேறு வேறு வயது. அந்த "ஏழு வருஷம்" எங்கிருந்து வந்திருக்கலாம் என்றால், பெரியவர் ஒருவரின் செல்களின் சராசரி வயது ஏழிலிருந்து பத்து வருஷம் இருக்கலாம் என்று ஃப்ரீசன் ஒரு தடவை மதிப்பிட்டார். சராசரியை யாரோ எல்லா செல்லுக்குமான கெடு ஆக்கிவிட்டார்கள் போல.

இந்தக் கதையை எல்லாம் கேட்டபிறகும் ரிப்பேர் கடைத் தம்பி அசரவில்லை. "செல்லு அதே செல்லா இருக்கட்டும்ணே. உள்ள இருக்குற அணு மாறுதுல்ல?" என்றார். கேள்வி சரியான கேள்வி. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் பாதி ஒரு வாரம் பத்து நாளில் வெளியேறிப் புதுசு வந்துவிடும். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் பால் ஏபர்சோல்ட் 1950களில், நம் அணுக்களில் 98 சதவீதம் வருஷத்துக்குள் மாறிவிடும் என்றே சொன்னார். ஆனாலும் மிச்சம் இருக்கிறது. எலியின் மூளையில் உட்கருவின் வாசலில் இருக்கும் சில புரதங்கள் ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். எலியின் ஆயுளுக்கு அது பெரிய காலம். நரம்புச் செல்லின் டிஎன்ஏவில் உள்ள கார்பனோ ஆள் பிறந்த காலத்தது. தம்பியின் வாதம் இங்கேதான் தடுமாறுகிறது: எது எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று அளக்க முடிந்ததே, உள்ளே மாறாத ஒன்று உட்கார்ந்திருப்பதால்தான். எல்லா அணுவும் மாறியிருந்தால், எந்தச் செல் எப்போது பிறந்தது என்று சொல்ல வழி இருந்திருக்காது.

முட்டைப் பஞ்சாயத்துக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பெண்ணின் கருமுட்டைச் செல்கள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ அது, உங்கள் அம்மா உங்கள் அம்மாச்சி வயிற்றில் இருந்தபோதே தயார். தாத்தாவைவிட அம்மாச்சிக்கு உங்கள் மேல் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை என்று இதை வைத்துச் சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம்.

இந்தக் கடிகாரம் இப்போது ஓய்ந்துகொண்டிருக்கிறது. குண்டு ஏற்றிவிட்ட கூடுதல் கார்பன்-14 காற்றில் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. கடலும் மரமும் எடுத்துக்கொண்டது போக, நிலக்கரிப் புகையும் பெட்ரோல் புகையும் இருப்பதை நீர்த்துப்போகச் செய்கின்றன. அவை பல கோடி வருஷத்துப் பழைய கார்பன். அவற்றில் கார்பன்-14 ஒரு பொட்டுகூடக் கிடையாது. இன்றைக்குப் பிறக்கும் குழந்தையின் செல்லுக்கு, அறுபதுகளில் பிறந்தவரின் செல்லுக்கு இருக்கிற மாதிரி தெளிவான முத்திரை இருக்காது. புகை இதே வேகத்தில் போனால் நிலைமை இன்னும் விசித்திரமாகும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெதர் கிரேவன் 2015இல் கணக்கிட்டார். 2050இல் மாசி வீதியில் புதிதாக எடுக்கும் பருத்திச் சுங்குடிச் சேலையும், ராஜராஜ சோழனின் பேரன் காலத்துப் பருத்தித் துணியும் கார்பன் கணக்கில் ஒரே வயதைக் காட்டும். கீழடி மாதிரி ஓர் இடத்தில் அப்போது ஒரு கரித்துண்டு கிடைத்தால், அது போன வாரம் யாரோ சமைத்த அடுப்பில் இருந்து வந்ததா, ஆயிரம் வருஷப் பழசா என்று கார்பன்-14ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூடவே பானை ஓடோ காசோ கிடைத்தால்தான் உண்டு.