மீன் தொட்டி ஸ்டாண்டு: எடையைத் தாங்க வேண்டியது மரம்தான், திருகாணி அல்ல

பெரிய மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு கேட்டு வருகிறவர்கள் தொட்டியின் அளவைச் சொல்வார்கள். எடையைக் கேட்டால் யோசிப்பார்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 340 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 400 கிலோ தாண்டிவிடும். அதுவும் இரவு பகலாக, வருடக்கணக்கில் அங்கேயே நிற்கிற பாரம். டிவி ஸ்டாண்டுக்குப் போடுகிற கணக்கு இதற்குச் சரிவராது.

பழுது பார்க்க வரும் ஸ்டாண்டுகளில் ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து இரண்டு திருகாணி முடுக்கியிருப்பார்கள். முழு எடையும் அந்தத் திருகாணிகளில்தான் தொங்கும். கழற்றிப் பார்த்தால் திருகாணி வளைந்திருக்கும், வட்டமாக இருந்த துளை கீழ்ப்பக்கம் இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். மரத்தின் நார் நிமிர்ந்து நிற்கும் திசையில்தான் அதற்குப் பலம் அதிகம். தொட்டியின் எடை சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் மரத்தின் மேல் மரமாக இறங்க வேண்டும். திருகாணியும் பசையும் மரங்களை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும். நீளமான தொட்டிக்கு நடுவிலும் முன்னும் பின்னும் கால் கொடுங்கள், இல்லாவிட்டால் சட்டம் தொய்யும்.

எல்லோரும் மறப்பது பக்கவாட்டு ஆட்டம். நேராக அழுத்தினால் எவ்வளவும் தாங்குகிற ஸ்டாண்டு, ஒரு குழந்தை சாய்ந்து தள்ளினால் கோணிக்கொள்ளலாம். பின்பக்கமும் இரண்டு பக்கங்களிலும் பிளைவுட் அடித்து, பசையும் போட்டுவிட்டால் கோணாது. காலி ஸ்டாண்டின் மேல் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் தொட்டியை ஏற்றாதீர்கள்.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதி உதிரும். நன்றாகக் காய்ந்த மரமும் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டும் எடுங்கள். தொட்டி ஏறிய பிறகு அடியில் பூச முடியாது, அதனால் வெட்டிய முனைகள் உட்பட எல்லா இடத்திலும் முதலிலேயே வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

விளிம்பு இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி என்றால் மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல். சின்ன மேடு பள்ளத்தை அது ஏற்றுக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் விளிம்பு உள்ள தொட்டிக்குத் தெர்மாகோல் போடக் கூடாது. அந்த விளிம்புதான் எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டது, மெத்தென்ற பொருள் நடுவில் மேலெழும்பி அடிக்கண்ணாடியைத் தள்ளும்.

அப்புறம் ரசமட்டம் வைத்து, தொட்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காலியாக வைத்து ஒருமுறை பாருங்கள், பாதி தண்ணீர் நிரப்பி இன்னொருமுறை பாருங்கள். சரிந்திருந்தால் தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டையைச் செருகினால் எடை அந்த இடத்தில் மட்டும் குவிந்து கண்ணாடி விரிசல் விடும்.