ஃபேன்டசி நாவலுக்கு ஏஜென்ட் தேடுகிறீர்களா? முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்

கைப்பிரதி திருத்திக் கொடுப்பது என் தொழில். ஆங்கிலத்தில் ஃபேன்டசி எழுதி, அதை நியூயார்க்கிலோ லண்டனிலோ வெளியிட ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நன்றாகவும் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் வருவதற்கு முன்பே யாரிடமோ பணத்தைக் கொடுத்திருப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தமிழில் நாவல் எழுதினால் பதிப்பாளரிடம் நேராகவே பேசிவிடலாம், புத்தகக் காட்சியில் ஸ்டாலிலேயே பிடித்துவிடலாம், நடுவில் ஆள் தேவையில்லை. நியூயார்க், லண்டனில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக, அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசி விற்றுத்தருபவர் வழியாக வரும் கைப்பிரதியைத்தான் பார்க்கும். இன்னொன்றும் இருக்கிறது. இங்கே கையிலிருந்து பணம் போட்டுப் புத்தகம் கொண்டுவருவது சகஜம், அதனால் வெளிநாட்டுக்காரர் ‘வாசிப்புக் கட்டணம்’ என்று கேட்டதும் இதெல்லாம் வழக்கம்தான் போல என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வழக்கமே இல்லை. உண்மையான ஏஜென்ட்டுக்கு வருமானம் உங்கள் புத்தகம் விற்றால்தான். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20 சதவீதம். பதிப்பகம் தரும் முன்தொகை முதலில் ஏஜென்ட்டிடம் போகும், அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கு அனுப்புவார். படிக்கக் கட்டணம், பதிப்பகங்களுக்கு அனுப்பக் கட்டணம், ‘எங்கள் எடிட்டரிடமே திருத்தினால்தான் எடுப்போம்’ என்ற நிபந்தனை, இதில் எது வந்தாலும் பதில்கூடப் போடாதீர்கள்.

போன வருடம் ஒரு தம்பி காட்டிய மெயில் இன்னும் நினைவில் இருக்கிறது. நாவலின் கதாநாயகி பெயர், மூன்றாம் அத்தியாயத்தில் வரும் நதி, எல்லாவற்றையும் குறிப்பிட்டுப் புகழ்ந்திருந்தார்கள். இணையத்தில் அந்தத் தம்பியே போட்டிருந்த முன்னோட்டத்திலிருந்து எடுத்தது. கீழே ஒரு நிஜமான ஏஜென்ட்டின் பெயரும் புகைப்படமும். அனுப்பிய முகவரி மட்டும் இலவச மெயில் கணக்கு. அந்த ஏஜென்ஸியின் இணையதளத்தில் இருந்த முகவரிக்குத் தனியாக எழுதிக் கேட்கச் சொன்னேன், நாங்கள் அனுப்பவே இல்லை என்று பதில் வந்தது.

முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பதிப்புத் துறையினர் போல நடித்துப் பல வருடம் வெளிவராத கைப்பிரதிகளைத் திருடிய ஃபிலிப்போ பெர்னார்டினி 2022 ஜனவரியில் நியூயார்க்கில் கைதானார். 160-க்கு மேல் போலி இணைய முகவரிகளைப் பதிவு செய்திருந்தார். ஆங்கில ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போடுவது அவர் உத்திகளில் ஒன்று. தொழிலிலேயே ஊறியவர்கள் ஏமாந்தார்கள் என்றால் புதிதாக வருபவர் ஏமாறுவதில் ஆச்சரியமே இல்லை.

பெயர் கிடைத்ததும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் தேடுங்கள். அமெரிக்க அறிபுனை, ஃபேன்டசி எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் 1998 முதல் இந்த மோசடிகளை அம்பலப்படுத்தி வருகிறார்கள். அப்புறம், அந்த ஏஜென்ட் யாருடைய புத்தகங்களை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றிருக்கிறார் என்று பாருங்கள். ஃபேன்டசியே விற்காதவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படமாட்டார்.

சரி, அனுப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்? பெரியவர்களுக்கான முதல் ஃபேன்டசி நாவல் என்றால் 90,000 முதல் 1,20,000 வார்த்தைக்குள் இருப்பது நல்லது. இரண்டரை லட்சம் வார்த்தையோடு வருபவரிடம் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏழு பாகத் தொடர் என்று ஆரம்பிக்காமல், முதல் புத்தகம் தனியாகவே முடிகிறது, தொடரவும் இடம் இருக்கிறது என்று எழுதுங்கள். குவெரி கடிதம், அதாவது நாவலை ஏஜென்ட்டுக்கு அறிமுகப்படுத்தி எழுதும் கடிதம், ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். அதில் பலரும் முதல் பத்தியிலேயே மூவாயிரம் வருட ராஜ்ய வரலாற்றையும் ஐந்து குலங்களின் பெயர்களையும் கொட்டிவிடுகிறார்கள். உங்கள் பாத்திரம் யார், அவளுக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், தோற்றால் எதை இழப்பாள், இவ்வளவு போதும். கதைச்சுருக்கம் கேட்டால் முடிவையும் சொல்லிவிடுங்கள், அங்கே மர்மம் காக்கக் கூடாது.

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பலாம், அது தவறில்லை. ஒரே ஏஜென்ஸியில் இரண்டு பேருக்கு மட்டும் சேர்த்து அனுப்பாதீர்கள். சிலர் வேண்டாம் என்றால் பதிலே போடமாட்டார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்றால் உடனே கையெழுத்துப் போடாமல், கைப்பிரதி வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தெரிவித்துவிட்டு, அவரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள், நேர்மையான ஏஜென்ட் இதற்குக் கோபிக்கமாட்டார். அந்த இரண்டு வாரத்தில் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள், முக்கியமாக, பிரிய நினைத்தால் எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பிரிந்த பிறகு எந்தெந்த விற்பனைக்கு அவருக்குக் கமிஷன் போகும் என்று எழுதியிருக்கும் இடத்தை.