ஒரே இடுப்பளவு, இரண்டு உடல்கள்

விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. அவரும் அவருடைய அக்காவும் ஒரே கடையில், ஒரே அளவில், சேலைக்கு உள்ளே அணியும் ஷேப்வேர், அதாவது உடலை இறுக்கிப் பிடித்து வடிவாகக் காட்டும் உள்ளாடை, வாங்கினார்களாம். இருவருக்கும் இடுப்பு 34 அங்குலம். அக்கா காலையில் அணிந்தால் மாலைவரை அதன் நினைப்பே வருவதில்லை. தங்கைக்கோ முதல் பாடவேளை முடிவதற்குள் மேல்விளிம்பு சுருண்டு, கயிறு போலத் திரண்டு, வயிற்றின் நடுவே வெட்டத் தொடங்கிவிடுகிறது. ‘என் உடம்பில் என்ன கோளாறு?’ என்று கேட்டிருக்கிறார்.

உடம்பில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. இடுப்பளவு என்கிற ஒற்றை எண்ணை நம்பி உடை விற்பதில்தான் கோளாறு. துணியிலிருந்து தொடங்கினால் காரணம் விளங்கும்.

இவ்வகை ஆடைகளுக்கு உயிர் கொடுப்பது எலாஸ்டேன் என்னும் செயற்கை இழை. திருப்பூரில் கேட்டால் லைக்ரா என்பார்கள், அது வணிகப் பெயர். 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அதற்கு முன் ரப்பர் நூல்தான். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்டு அது சீக்கிரம் இற்றுப்போகும். எலாஸ்டேனின் நீண்ட மூலக்கூறுகளில் மென்மையான பகுதியும் விறைப்பான பகுதியும் மாறி மாறி வருகின்றன. மென்பகுதி நூற்சிக்கல் போலச் சுருண்டு கிடக்கும், இழுத்தால் நீளும். விறைப்பான பகுதிகள் பக்கத்து மூலக்கூறுகளோடு கோத்துக்கொண்டு, ஒன்றையொன்று நழுவவிடாமல் பிடித்திருக்கும். ஐந்து மடங்கு நீட்டினாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்கு வந்துவிடும்.

ஏன் திரும்பி வருகிறது? ஒரு மூலக்கூறு நேராக நீண்டு நிற்க ஒரே வழிதான் உண்டு. சுருண்டு கிடக்க ஆயிரமாயிரம் வழிகள். வெப்பத்தால் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறு, வழிகள் மிகுந்த பக்கமே சாய்கிறது. அந்தச் சாய்வுதான் நாம் உணரும் இழுப்பு. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். 1805இல் இங்கிலாந்தில் ஜான் கஃப் என்ற பார்வையற்ற அறிஞர் இதைத் தம் உதடுகளால்தான் கண்டறிந்தார். வகுப்பில் மாணவர்களை இப்படிச் செய்துபார்க்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு குழந்தை வியந்து கூவும்.

இனி அழுத்தம். பழைய கிணறுகளின் விளிம்புக்கல்லில் கயிறு அறுத்த தடம் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் இழுவிசை நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அது வளைந்து திரும்பும் இடத்தில்தான் கல் தேய்கிறது. வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அழுத்தம். இதைக் கணக்காக்கியவர்கள் இங்கிலாந்தின் தாமஸ் யங், பிரான்சின் லாப்லாஸ் என்ற இரு அறிவியலாளர்கள். முன்னவர் 1805இல், பின்னவர் அடுத்த ஆண்டு. நீர்த்துளியின் மேற்பரப்பைப் பற்றி அவர்கள் எழுதியது இன்று நம் இடுப்புக்கும் பொருந்துகிறது: இழுவிசையைப் பட்டையின் அகலத்தாலும் வளைவின் ஆரத்தாலும் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும்.

என் அம்மாவின் இடுப்பை வைத்தே இதைச் சொல்கிறேன். இரவில் பாவாடை நாடாவை அவிழ்த்ததும் கட்டைவிரலால் தேங்காய் எண்ணெய் தொட்டு இடுப்பைச் சுற்றித் தடவிக்கொள்வார். அங்கே ஒரு கரும்பட்டை இருந்தது. நடுவில் நாடா பதிந்த பள்ளம், இருபுறமும் தடித்த தோல், இடுப்பெலும்பின் மேல் மட்டும் இன்னும் கருமை. நாற்பது ஆண்டு முடிச்சின் தடம் அது.

நாடாவின் இழுவிசை ஒரு கிலோ எடைக்குச் சமம், அகலம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34 அங்குல இடுப்பை வட்டமாகக் கொண்டால் ஆரம் 13.7 சென்டிமீட்டர். அழுத்தம் சுமார் 54 மில்லிமீட்டர் பாதரசம், மருத்துவர் ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகில். தோலின் நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவது 30ஐ ஒட்டிய அழுத்தத்தில்தான். உடல் வட்டமும் அல்ல. இடுப்பெலும்பின் முனையில் வளைவின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர் என்றால் அங்கே அழுத்தம் 150ஐ நெருங்கும். அம்மாவின் தோல் அங்கே அதிகம் கறுத்தது ஏன் என்று பல ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அதே இழுவிசையைப் பத்து சென்டிமீட்டர் அகலப் பட்டையில் பரப்பினால் 54 என்பது 5 ஆகிவிடுகிறது.

நாடா பதியும் இடத்தில் ஆறாத புண் வந்து, அது மிக அரிதாகப் புற்றுநோயாக மாறுவதை இந்திய மருத்துவர்கள் நெடுநாளாகப் பதிவுசெய்து வருகிறார்கள். 2024இல் மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் இரண்டு முதிய பெண்களின் நிலையை விவரித்து, இதற்குச் சேலையைவிடப் பாவாடைக் கயிறே காரணம் என்று எழுதினார்கள். அச்சம் வேண்டாம். ஆனால் இடுப்பில் மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்பாவாடைக்குப் பதிலாக வந்திருக்கும் சேலை ஷேப்வேரை நான் வரவேற்பதற்கு முதற்காரணம் அழகல்ல, அகலம்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எண்ணெய் ஊற்றும் புனலின் வெளிப்புறத்தில், நடுச்சரிவில், ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். அது அங்கே நிற்காது, குறுகிய முனையை நோக்கி நழுவும். நீண்டிருக்கும் வளையம் தன் நீளத்தைக் குறைக்க வழி தேடுகிறது, புனலின் சரிவு அந்த வழியைக் கொடுக்கிறது. அடுத்து, நடுவில் சிறுத்த உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இடையில் வளையத்தை மாட்டினால் மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் திரும்ப நடுவுக்கே வரும். மூன்றாவதாக ஒரு பானை. அதன் அகன்ற வயிற்றில் மாட்டிய வளையம், கொஞ்சம் அசைந்தாலும் ஒரு பக்கமாக வழுக்கி ஓடிவிடும்.

ஆக, இழுபட்ட வளையம் பள்ளத்தில் நிற்கும், மேட்டில் நிற்காது. ஷேப்வேரின் மேல்விளிம்பு அப்படிப்பட்ட ஒரு வளையம். ஆடையின் கீழ்ப்பகுதியை இடுப்பின் உராய்வு பிடித்துக்கொள்வதால் முழு ஆடையும் நழுவ முடிவதில்லை. விளிம்பு மட்டும் நகரப் பார்க்கிறது, நகர்ந்து தன்மேலேயே மடிகிறது. இதுதான் சுருளல். சுருண்டதும் பத்து சென்டிமீட்டர் பட்டை இரண்டு சென்டிமீட்டர் கயிறாகிவிடும். அகலம் ஐந்தில் ஒன்றானால் அழுத்தம் ஐந்து மடங்கு. அந்த வாசகி முதல் பாடவேளையில் படும் வேதனை இந்தக் கணக்குதான்.

அக்காவுக்கு இடை சிறுத்து, இடுப்புக்குக் கீழே நன்றாக அகன்ற உடல்வாகாக இருக்க வேண்டும், உடுக்கையின் கீழ்ப்பாதி போல. விளிம்பு இடையின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த உடல்வாகினர் விளிம்பு சரியாக இடையில் முடியும் ஆடையை எடுக்கலாம். அதற்கு ஓரிரு அங்குலம் கீழே முடியும் ஆடை, பள்ளத்தைத் தேடி நாள் முழுவதும் மேலேறிக்கொண்டே இருக்கும்.

தங்கைக்கு வயிறு முன்தள்ளியிருக்கலாம். அப்படியானால் நடு வயிறு ஒரு மேடு, பானையின் வயிறு. அங்கே முடியும் எந்த விளிம்பும் நிற்கப்போவதில்லை. மார்புக்குக் கீழே, விலா எலும்பின்மேல் ஒரு பள்ளம் இருக்கிறது, அதுவரை ஏறும் ஆடைதான் அவருக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான, பள்ளமே இல்லாத உடல் என்றால் உராய்வை நம்ப வேண்டும். விளிம்பின் உட்புறம் சிலிகான் பட்டை வைத்தவை, தோள்பட்டை உள்ளவை இதற்காகவே வருகின்றன. சிலிகான் சிலருக்கு அரிக்கும், முதலில் அரை மணி நேரம் அணிந்து பார்ப்பது நல்லது.

சுருளுகிறதே என்று ஓர் அளவு சிறிதாக வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இழுவிசை கூடினால் விளிம்பு இன்னும் வேகமாகப் பள்ளத்தைத் தேடும். தொடைவரை வரும் ஆடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 55 சென்டிமீட்டர் தொடையின் ஆரம் இடுப்பின் ஆரத்தைவிடச் சிறியது, அதனால் அதே இழுவிசைக்கு அழுத்தம் ஒன்றரை மடங்கு. தொடை பருத்தவர்கள் இடுப்பளவைப் போலவே தொடையளவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலோ, எரிந்தாலோ, ஊசி குத்துவது போல் இருந்தாலோ இடுப்பெலும்பருகே ஒரு நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள், உடனே கழற்றிவிடுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வயிற்றை இறுக்கினால் அது கூடும்.

இதை அணிந்தால் கொழுப்பு கரையும் என்று விளம்பரம் செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கொழுப்புத் திசு நீரைப் போல, அழுத்தினால் சுருங்காது, இடம்தான் மாறும். ஓரிடத்தில் உள்வாங்கியது வேறிடத்தில் வெளிவந்தே தீரும். வியர்த்து எடை குறைவது நீர் இழப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். பிரசவத்துக்குப் பின் வயிற்றைக் கட்டாவிட்டால் கர்ப்பப்பை உள்ளே போகாது என்று இளம் தாய்மார்களைப் பயமுறுத்துவதும் அப்படித்தான். கட்டுவது சிலருக்கு, குறிப்பாக அறுவைப் பிரசவமானவர்களுக்கு, வலிக்கு ஆறுதல் தரலாம். ஆனால் கர்ப்பப்பை தன் தசைச் சுருக்கத்தால் தானாகவே சுமார் ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வருகிறது. சித்திரை வெயிலில் மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

அளவுப் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் தொங்கும் ஆடைகளின் அளவுகள் பெரும்பாலும் வெளிநாட்டு உடல்களை அளந்து வகுத்தவற்றின் வழிவந்தவை. தேசிய ஆடை வடிவமைப்பு தொழில்நுட்ப நிறுவனம் சுமார் 25,000 இந்தியர்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை மேற்கொண்டது. அருமையான முயற்சி, ஆனால் இது தொடக்கம்தான். நின்ற நிலை, உட்கார்ந்த நிலை இரண்டையும் அளக்க வேண்டும். குழந்தை பெற்ற உடலையும் அறுபதைத் தாண்டிய உடலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்ய வேண்டும். பெண்களின் அன்றாட வசதியைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதைச் செலவாகப் பார்க்கும் மனப்பான்மை மாறியாக வேண்டும்.

துணியில் பருத்தி கலந்ததைத் தேடுங்கள். பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காடு ஈரத்தை இயல்பாக ஏற்கும், நைலான் அதில் பாதி, பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரைக்கும் நமக்கும் இடையே நிற்பது இந்த வித்தியாசம். துவைக்கும்போது வெந்நீர், பிளீச்சிங், இஸ்திரி மூன்றும் எலாஸ்டேனுக்கு ஆகாது.

கடைக்குப் போகும்போது மார்புக்குக் கீழ், இடை, இடுப்பு, தொடை என நான்கு அளவுகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள், அம்மா. அணிந்து கண்ணாடிமுன் நின்று பார்த்தால் போதாது. நாற்காலியில் அமருங்கள், கரும்பலகையின் மேல்மூலையில் எழுதுவது போலக் கையைத் தூக்குங்கள், கீழே விழுந்த சுண்ணக்கட்டியை எடுப்பது போலக் குனியுங்கள். ஆழமாக மூச்சிழுத்து, விளிம்புக்குள் இரண்டு விரல்கள் நுழைகின்றனவா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு மேல்விளிம்பு மார்புக்குக் கீழே வைத்த இடத்திலேயே இருந்தால் அதை வாங்கலாம், அட்டையில் எந்த எண் இருந்தாலும் சரி.