ஆள்களம்: டொமைன் என்ற சொல்லும் அதைச் சர்வருக்குச் சுட்டுவதும்

"டொமைன் வாங்கியாச்சு, சர்வரும் ரெடி. பாயின்ட் பண்ணிட்டா முடிஞ்சுது." வெப் ஆப் செய்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இந்த டொமைனை நாளிதழ்கள் 'இணையதள முகவரி' என்று எழுதுகின்றன. தளத்தைப் பார்க்க வருபவருக்கு அது போதும். டொமைனைச் சர்வரோடு இணைக்க உட்கார்ந்திருப்பவரையோ அந்தப் பெயர் குழப்பிவிடும். முகவரி என்பது சர்வரை அடையாளம் காட்டும் 203.0.113.10 மாதிரியான ஐபி எண். டொமைன் என்பது ஒரு பெயர் மீதும், அதன் கீழ் வரக்கூடிய எல்லாப் பெயர்கள் மீதும் நமக்குள்ள அதிகாரம்.

சொல்லின் வேரிலும் இந்த அதிகாரம் இருக்கிறது. லத்தீனில் 'டொமினுஸ்' என்றால் எஜமான். அவருடைய உடைமையுரிமை 'டொமினியம்'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம் என்று பொருள்பட்டது. டொமினியன் என்ற சொல்லும் அதே குடும்பம்தான். பிறகு கணிதத்துக்கும் போனது. பத்தாம் வகுப்பில் சார்புகள் பாடத்தில் 'மதிப்பகம்' என்று படித்தோமே, அதுவும் ஆங்கிலத்தில் டொமைன்தான்.

கணினிப் பெயர்களுக்கு இந்த நிலப்பிரபுச் சொல் எப்படி வந்தது? இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்த்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பைத் திருத்துவார்கள். மற்றவர்கள் வந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. ஒரே பெயரை இரண்டு பேர் வைத்துக்கொள்ளும் சிக்கல் வேறு. அதனால், பெயர் வைக்கும் அதிகாரத்தையே பிரித்துக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது. 1982இல் ஸா-சிங் சூவும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆவணம் டொமைன் பெயரிடும் முறையை விவரித்தது. 1983 நவம்பரில் பால் மொகபெட்ரிஸ் அதை, பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற முழு அமைப்பாக வடித்தார். 1987இல் அவர் திருத்தி எழுதிய ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இணையத் தர ஆவணங்கள் இரண்டும்தான் இன்றைக்கும் அடிப்படை.

ஆக, எல்லாப் பெயர்களுக்கும் மேலே ரூட் என்ற வேர்நிலை. அது .காம் பகுதியை ஒருவர் பொறுப்பில் விடுகிறது. அவர் எக்ஸாம்பிள்.காம் என்பதை இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார். (எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்த பெயர் இது, யாரும் வாங்க முடியாது.) அதன் கீழே கடை, அலுவலகம், சோதனை என்று எத்தனை பெயர் வைப்பது என்பது அந்த உரிமையாளர் பாடு, மேலே யாரையும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு டொமைனின் பதிவேட்டிலும் எஸ்ஓஏ என்று ஒரு பதிவு கட்டாயம் இருக்கும். 'அதிகாரம் இங்கே தொடங்குகிறது' என்பதுதான் அந்தச் சுருக்கத்தின் விரிவு.

இதனால்தான் தமிழ் விக்கிப்பீடியா கையாளும் 'ஆள்களம்' எனக்குச் சரியாகப் படுகிறது. 'களம்' என்று மட்டும் சொன்னால் அதிகாரம் விட்டுப்போகிறது. ஆள்களம் ஒரு வினைத்தொகை: ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம். ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் அது ஆண்ட களமாகிவிடும் என்பதையும் இலக்கணமே உள்ளடக்கி வைத்திருக்கிறது! சிலர் 'ஆட்களம்' என்று எழுதுகிறார்கள். வினைத்தொகையில் அப்படித் திரியாது. 'கொல்களிறு' போல இயல்பாகவே நிற்கும். ஆட்களம் என்றால் ஆட்கள் கூடும் இடம் என்றுதான் படிக்கத் தோன்றும்.

சரி, பாயின்ட் பண்ணுவது? அதற்குச் 'சுட்டுதல்' என்ற சொல்லே போதும். 'இணைத்தல்' என்று எழுதினால் டொமைனுக்கும் சர்வருக்கும் நடுவே ஏதோ கம்பி இழுத்ததுபோல ஆகிவிடும். உண்மையில் நடப்பது, நம் ஆள்களத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது: எக்ஸாம்பிள்.காம், ஏ ரெக்கார்ட், 203.0.113.10. ஒரு பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் பதிவுதான் ஏ ரெக்கார்ட். அவ்வளவுதான். சர்வருக்கு இது தெரியவே தெரியாது. முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்ட பெயருக்குத் தனி வரி வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகும்.

புதிதாகச் செய்பவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. ஆப், சர்வரின் 3000ஆம் போர்ட்டில் (ஒரே கணினியில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் வாசல் எண்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ ரெக்கார்டில் ஐபிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 3000 என்று எழுதிப் பார்ப்பார்கள், ஏற்காது. அந்தப் பதிவில் ஐபி எண்ணுக்கு மட்டும்தான் இடம். பிரவுசர் வந்து தட்டுவது 80 அல்லது 443ஆம் போர்ட்டை. அங்கே எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள் ஒன்று நின்று, வருகிற கோரிக்கையை உள்ளே 3000க்குக் கடத்த வேண்டும். எந்தப் பெயரைத் தேடி வந்திருக்கிறது என்பதைக் கோரிக்கையில் உள்ள 'ஹோஸ்ட்' வரி சொல்லும். எஞ்சின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் சர்வர்_நேம் என்ற இடத்தில் அதே பெயர் இருக்க வேண்டும். ஒரே ஐபியில் பத்துத் தளங்கள் ஓடுவது இந்த வரியால்தான். பெயரைச் சரியாகச் சுட்டியும் ஆப் வராமல், 'வெல்கம் டு எஞ்சின்எக்ஸ்' என்ற வெள்ளைப் பக்கம் வந்தால், டிஎன்எஸ் தன் வேலையை முடித்துவிட்டது. கோளாறு சர்வர் பக்கம். அதற்குமேல் டிஎன்எஸ்ஸை நோண்டுவது வீண்.

கூடவே வரும் இன்னொரு சொல் 'புரொபகேஷன்'. பரவல் என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் மாற்றத்தை யாரும் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ப் பரப்புவதில்லை. நம்மிடம் ஏற்கெனவே கேட்டுப்போன ரிசால்வர்கள், அதாவது பயனருக்காகப் பெயரைத் தேடித் தரும் சர்வர்கள், பழைய பதிலை அதற்கென்று குறித்த டிடிஎல் என்ற ஆயுட்காலம் முடியும்வரை வைத்திருக்கின்றன, அவ்வளவே. டிடிஎல் 300 வினாடி என்றால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் புதுப் பதில் கிடைக்கத் தொடங்கும். '48 மணி நேரம் ஆகும்' என்று சொல்வது, ஆள்களத்தின் பதிவேட்டை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றும்போது பொருந்தும்; .காம் தரும் நேம்சர்வர் பதில்களின் டிடிஎல் 1,72,800 வினாடி, சரியாக இரண்டு நாள். எனவே 'பழைய பதில் காலாவதியாகட்டும்' என்று தமிழில் சொல்வது ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியம். சர்வர் மாற்றப்போகிறோம் என்றால் முன்கூட்டியே டிடிஎல்லைக் குறைத்து வைப்பதன் காரணமும் இதில் விளங்கும்.

தமிழிலேயே ஆள்களம் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் முறையாக இயங்கும் உயர்நிலை ஆள்களங்கள். ஆனால் டிஎன்எஸ் கேள்வியில் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை; எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ப்யூனிகோட் வடிவமாக மாறிப் போகிறது. பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் வரியிலும் அந்த வடிவமே இருக்கும் என்பதால், சர்வர்_நேமில் தமிழ்ப் பெயருக்குப் பதில் அதைத்தான் எழுத வேண்டும்.